பட்டுப்புழுவும் எலியின் பாதமும்

வீட்டில் யாருக்கேனும் கடைவாய்ப் பல் பிடுங்கினாலும், கணுக்கால் சுளுக்கிக் கொண்டாலும், சிறிய ரண சிகிச்சை ஒன்று நடந்தாலும், டாக்டர் எழுதித் தரும் சீட்டில் அனேகமாக மூன்று வகை மருந்துகள் இடம் பெறுகின்றன. ஒன்று வலிக்கு, ஒன்று கிருமிக்கு, மூன்றாவது வீக்கத்திற்கு. இந்த மூன்றாவதன் பெயரைத் தடுமாறாமல் சொல்லி முடிக்கக் கூடியவர் மருந்துக் கடைக்காரர் ஒருவரே. ஸெர்ரேஷியோபெப்டிடேஸ் என்பது அதன் பெயர். சில சமயம் தனி மாத்திரையாகவும், பல சமயம் வலி மருந்தோடு சேர்ந்த ஒரே வில்லையாகவும் அது விற்கப்படுகிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும், மாத்திரை நம் நாட்டு மக்களின் வயிற்றில் வெகு காலமாக நுழைந்து கொண்டுதான் இருக்கிறது.

இந்த மருந்துக்கு ஓர் அழகான கதையும் உண்டு. பட்டுப்பூச்சியானது கூட்டை விட்டு வெளிப்படும் வேளையில் ஒருவிதத் திரவத்தைக் கக்கிக் கூட்டின் முனையைக் கரைத்து வழி செய்து கொள்கிறது. அந்தத் திரவத்தில் உள்ள பொருளே இம்மருந்து. கெட்டியான பட்டையே கரைக்கும் பொருள் நம் உடம்பின் வீக்கத்தைக் கரைக்காதா? இதுவே கதை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. மருந்துகளைப் பற்றிச் சொல்லப்படும் அழகான கதைகளையெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை விசாரிப்பது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

நாம் ஆசிரியத் தொழில் செய்து வரும் உக்கடத்தில் இந்தக் கதைக்குத் தனி மதிப்பு இருப்பதில் வியப்பில்லை. பெரிய குளத்தின் கரையை விட்டு, 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மீதேறி, ஆத்துப்பாலத்தைக் கடந்து தெற்கே பிரயாணம் செய்தால், பொள்ளாச்சிக்கு அப்பால் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மல்பெரித் தோட்டங்களையும், அவற்றினிடையே புழு வளர்ப்பு மனைகளையும் காணலாம். வடக்கே கோபிசெட்டிபாளையத்திலும் அப்படியே. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு அங்கெல்லாம் உறவினர் உண்டு. பட்டுப்புழுவின் வாழ்க்கையைப் பாடமாக நடத்தும் நாளில், நாம் புத்தகத்தைத் திறக்கு முன்பே, புழு எத்தனை முறை சட்டை உரிக்கும், எந்த நாளில் தழை தின்பதை நிறுத்தும் என்பதையெல்லாம் அவர்கள் சொல்லி விடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பையன் மேற்படி கதையைக் கேட்டுவிட்டு எழுப்பிய சந்தேகம் நம்மை யோசிக்க வைத்தது. "எங்கள் சித்தப்பா வீட்டுக் கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்ததே இல்லை, ஐயா! அதற்குள் ஆவியில் வேகவைத்து விடுவார்களே?" என்றான் அவன். உண்மைதான். பூச்சி வெளிவந்தால் கூடு ஓட்டையாகிவிடும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் ஒரே இழையாக வரவேண்டிய நூல் துண்டு துண்டாகிப் போகும். ஆகவே விதைக்கென ஒதுக்கிய கூடுகளைத் தவிர மற்றவற்றில் பூச்சி பிறப்பதற்கே இடம் தருவதில்லை. அப்படியானால் கோடிக் கணக்கான மாத்திரைகளுக்கு வேண்டிய திரவத்தை எந்தப் பூச்சியிடமிருந்து கறக்கிறார்கள்?

எந்தப் பூச்சியிடமிருந்தும் இல்லை. கூட்டைத் துளைக்கப் பட்டுப்பூச்சி உபயோகிக்கும் பொருள் ஒன்று இருப்பது மெய்யே. 1960-களில் அமெரிக்காவில் கஃபாடோஸ், வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து, கொக்கூனேஸ் என்ற பெயரையும் சூட்டினார்கள். ஆனால் நம் மாத்திரையிலுள்ள பொருள் அது அன்று. ஜப்பானில் பட்டுப்புழு ஒன்றின் குடலில் வாழ்ந்து கொண்டிருந்த ஸெர்ரேஷியா என்ற நுண்கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அக்கிருமி சுரக்கும், புரதத்தைச் சிதைக்கும் என்ஸைமே ஸெர்ரேஷியோபெப்டிடேஸ். இப்போது அந்தக் கிருமியைப் பெரிய தொட்டிகளில், தயிர் உறைய வைப்பது போலச் சத்துநீரில் வளர்த்து, என்ஸைமை வடித்தெடுக்கிறார்கள். பட்டுப்புழு இதில் கிருமிக்கு ஒரு காலத்தில் குடியிருப்பு அளித்த வீட்டுக்காரரே தவிர, மருந்தைச் செய்தவர் அல்ல. வாடகைக்கு இருந்தவரின் புகழ் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

கதை பிசகியதனால் மருந்து வீண் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. பூஞ்சக்காளானிலிருந்து வந்த பெனிஸிலின் எத்தனை உயிர்களைக் காத்தது! எங்கிருந்து வந்தது என்பதை விட, என்ன செய்கிறது என்பதே கேள்வி. அதை அறிய உலகமெங்கும் கையாளப்படும் முதல் வழி, வாயில்லாப் பிராணிகளிடம் பரீக்ஷித்துப் பார்ப்பது. அந்தப் பரீக்ஷை எப்படி நடைபெறுகிறது, அதன் முடிவுக்கு எவ்வளவு விலை மதிக்கலாம் என்பதைக் குடும்பத்தினர் யாவரும் தெரிந்து கொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

வீக்கம் என்பது நோயல்ல; உடம்பு செய்யும் ஒரு வேலை. பழைய வைத்திய நூல்களில் தாபிதம் என்றும், இக்காலத்தில் அழற்சி என்றும் சொல்கிறார்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற அதன் நான்கு லட்சணங்களையும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் செல்ஸஸ் எழுதி வைத்தார். முள் தைத்த இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவரில் சந்து விழுந்து நீர் கசிகிறது. வெள்ளணுக்கள் அவ்வழியே வெளியேறிக் காயத்தை நோக்கி ஓடுகின்றன. ஊரில் தீப்பிடித்தால் ஜனங்கள் குடத்தோடு ஓடி வந்து தெருவெல்லாம் சேறாக்குவது போலத்தான். தீ அணைந்த பிறகும் கூட்டம் கலையாமல் நின்றால் அதுவே உபத்திரவமாகிறது. மூட்டு வாதம் போன்ற நோய்களில் நடப்பது இதுவே.

இந்தக் கூட்டத்தைக் கலைக்கும் சக்தி ஒரு மருந்துக்கு உண்டா என்று பார்க்க, முதலில் வீக்கத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு இன்று பெரிதும் வழங்கும் முறையை 1962-இல் அமெரிக்காவில் விண்ட்டர் என்பவரும் அவரது சகாக்களும் வகுத்தார்கள். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராகீனன் என்ற பசையை நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் நீரில் கலந்து, அதில் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பாகத்தை எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் செலுத்துவது அந்த முறை. ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்த உபயோகமாகும் அதே பசைதான். நமது ராமநாதபுரம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் பாசியிலிருந்தும் அதைத் தயாரிக்கிறார்கள். நாக்கில் பட்டால் சாதுவாயிருக்கும் அது, தோலுக்கடியில் சென்றால் மூன்று முதல் ஐந்து மணி நேரத்திற்குள் பாதத்தைப் புடைக்கச் செய்கிறது. அந்தப் பாதத்தை ஒரு கண்ணாடிக் குழாயிலுள்ள திரவத்தில் அமிழ்த்தி, திரவம் எவ்வளவு உயர்கிறது என்று மணிக்கு மணி அளக்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் இறங்கிய கதைதான். இறங்குவது எலியின் கால்.

எலிகளைப் பல கூட்டமாகப் பிரிக்கிறார்கள். கூட்டத்திற்கு ஆறு என்பது வழக்கம். ஒரு கூட்டத்திற்கு வெறும் உப்பு நீர். ஒன்றுக்கு இண்டொமெதாஸின் போன்ற பழகிய மருந்து. மற்றவற்றுக்குப் பரீக்ஷிக்க வேண்டிய சத்து, குறைந்த அளவிலும் அதிக அளவிலும். உப்பு நீர் பெற்ற எலியின் பாதத்தை விடச் சத்துப் பெற்ற எலியின் பாதம் குறைவாக வீங்கியிருந்தால், வீக்கம் இத்தனை சதவீதம் தடுக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள்.

வேறு முறைகளும் உண்டு. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுக்க அஞ்சி அஞ்சி எடுத்த நேர்வாளத்தின் எண்ணெயைச் சுண்டெலியின் காதில் தடவி, காது தடிப்பதை நிறுத்துப் பார்ப்பது ஒன்று. பருத்தி ஆலைகளால் பேர் பெற்ற கோவை வாசிகளுக்கு வேடிக்கையாகத் தோன்றக் கூடியது மற்றொன்று. கிருமி நீக்கிய சிறு பஞ்சு உருண்டையை எலியின் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டு, ஒரு வாரம் சென்று எடுத்து, அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் சதையின் எடையைப் பார்க்கிறார்கள். நாட்பட்ட அழற்சிக்கு அது அடையாளம்.

பூச்சிகளிலிருந்து வரும் பொருள்கள் பல இந்தப் பரீக்ஷைகளுக்கு உட்பட்டிருக்கின்றன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேனும் தேன்மெழுகும் அரக்கும் நம் வைத்தியத்தில் என்றும் உள்ளவை. யூனானி வைத்தியர்களோ பட்டுக்கூட்டையே கத்தரித்துச் சேர்த்துக் கமீரா அப்ரேஷம் என்ற லேகியம் கிண்டுகிறார்கள். முதல் மழைக்குச் செம்மண்ணில் ஊர்ந்து வரும் தம்பலப் பூச்சியைப் பக்கவாதத்திற்கு மருந்தாக்குவோரும் உண்டு. (எட்டுக் கால் உடைய அது பூச்சியினமே அன்று, சிலந்தியின் உறவு என்பதை நம் மாணவர் பொருட்டுச் சொல்லி வைக்கிறோம்.) ஆனால் இவை எல்லாவற்றிலும் தேனீயின் விஷமே அதிகமாக ஆராயப்பட்டது. அந்தக் கதையில் ஒரு பெரிய எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது.

தேனீ கொட்டினால் மூட்டு வாதம் தணியும் என்பது ஐரோப்பியக் கிராமங்களிலும் வழங்கிய நம்பிக்கை. டெர்ட்ஸ் என்ற டாக்டர் 1888-இல் வியன்னாவில் இது குறித்துக் கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் விஷத்தைப் பகுத்துப் பார்த்தபோது, உலர்ந்த விஷத்தில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின் என்ற பொருள் என்பது தெரிந்தது. 1973-இல், விஷத்திலிருந்து பிரித்த வேறொரு சிறு பொருள், காராகீனனால் வீங்கிய எலிப் பாதத்தை வெகுவாக வற்றச் செய்ததென்று 'நேச்சர்' பத்திரிகையில் செய்தி வந்தது. கொட்டினால் வீங்கச் செய்யும் விஷமே வீக்கத்தை வற்றச் செய்கிறது என்றால் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். எலியின் வயிற்றிலோ முதுகிலோ எரிச்சலூட்டும் பொருள் எதைச் செலுத்தினாலும், தொலைவிலுள்ள பாதத்தின் வீக்கம் ஓரளவு குறைவதை 1960-களிலேயே கண்டிருந்தார்கள். காரணம், வேதனைக்குள்ளான உடம்பு தானே மருந்து சுரந்து கொள்கிறது. மூத்திரப் பிண்டங்களின் மீது தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து கார்ட்டிஸோல் போன்ற ரசங்கள் ரத்தத்தில் பாய்கின்றன. வீக்கத்தை அடக்குவதில் இவ்வகைப் பொருளுக்கு ஈடு குறைவு என்பதை, கார்ட்டிஸோனுக்காக 1950-இல் நோபல் பரிசு வழங்கியே உலகம் ஒப்புக் கொண்டது. தேனீ விஷம் செலுத்திய நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிஸோல் ஏறுவதை 1972-இல் அளந்து காட்டினார்கள்.

ஆகவே ஒரு பூச்சியை இடித்துப் பிழிந்து எடுத்த சத்து எலியின் பாதத்தை வற்றச் செய்தால், இரண்டு பொருள் கொள்ள இடமுண்டு. சத்து உண்மையாகவே வீக்கத்தைத் தணித்திருக்கலாம். அல்லது சத்து எலியைச் சித்திரவதை செய்ய, அது பொறுக்காமல் எலியின் உடம்பே வீக்கத்தை அடக்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் அளவுக் குழாய்க்கு இரண்டும் ஒன்றே. அட்ரீனல் சுரப்பி நீக்கிய எலியிலும் அதே பலன் வருகிறதா, சத்து தானே எங்கேனும் புண் உண்டாக்குகிறதா என்றெல்லாம் மேலும் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் கூட்டத்தது என்று தெரியக் கூடாது என்பதும் முக்கியம். தெரிந்தால், நாணயஸ்தரான மனிதரின் கண் கூட விரும்பிய பக்கம் சாயும். பரீட்சை விடைத்தாள் திருத்துகிற நமக்கு இது புதிதல்ல. பையனின் பெயரை மறைத்துத் திருத்துவதன் காரணம் இதுதானே!

இத்தகைய நிபந்தனைகளை நிறைவேற்றாமலே, ஆறு எலி, மூன்று அளவு, ஒரு பட்டியல் என்ற கணக்கில் முடிந்து போகும் ஆராய்ச்சிகள் உலகில் ஏராளம். பட்டம் பெறுவதற்கு ஓர் ஏட்டை நிரப்புவதோடு அவற்றின் பிரயோஜனம் தீர்ந்து விடுகிறது. பிராணிப் பரீக்ஷைகளில் எதெதைக் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும் என்று 2010-இல் இங்கிலாந்தில் ஒரு விதித் தொகுப்பே வெளியிட நேர்ந்ததற்கு இக்குறையே காரணம்.

இனி நமது மாத்திரைக்குத் திரும்புவோம். எலிகளிடம் அது நன்றாகவே தேறியது. நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் எலிப் பாதத்தில் சோதித்து, வீக்கம் குறைவதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு தடை மட்டும் முதலிலிருந்தே உண்டு. என்ஸைம் என்பது புரதம். நாம் உண்ணும் பருப்பையும் முட்டையையும் சிதைக்கிற வயிறு, இந்தப் புரதத்தை மட்டும் மரியாதை செய்து வழியனுப்பி வைக்குமா? அமிலத்தில் கரையாத மேற்பூச்சுப் பூசி மாத்திரையை வயிற்றைக் கடத்தலாம். குடலைத் தாண்டி ரத்தத்தில் புகுவது அடுத்த கஷ்டம். 1994-இல் ஜப்பானியர் எலிகளுக்கு வாய்வழியாக இதைக் கொடுத்துப் பார்த்து, மிகச் சொற்பமான பாகம் ரத்தத்தில் காணப்படுவதாகக் கண்டார்கள். சொற்பமானது போதுமா என்பதற்கு எலி பதில் சொல்லாது. மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

மனிதரிடமும் கேட்டார்கள். 1968-இல் ஜப்பானின் டகேடா கம்பெனி 'டான்ஸென்' என்ற பெயரில் இம்மருந்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பல்லுக்கும் சளிக்கும் சுளுக்குக்கும் டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சிறு சிறு பரீக்ஷைகள் நடந்தன. கடைவாய்ப் பல் பிடுங்கிய 24 பேரிடம் செய்து 2008-இல் வெளியான ஒன்றில் வீக்கமும் வலியும் குறைந்ததாகக் கண்டது. ஆனால் ஜப்பானிய அரசாங்கம் பழைய மருந்துகளைப் புதிய உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத் தொடங்கியபோது நிலைமை மாறிற்று. நாட்பட்ட மார்ச்சளி உள்ளவர்களிலும் கணுக்கால் சுளுக்கியவர்களிலும் ஒரு சாராருக்கு உண்மை மாத்திரையும், மற்றொரு சாராருக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011 பிப்ரவரி மாதத்தில் கம்பெனியே முன்வந்து, 40 ஆண்டுகளுக்கு மேல் தான் விற்று வந்த மருந்தை ஜப்பானியக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக் கொண்டது.

அந்த 40 ஆண்டுகளில் ஜப்பானியர் விழுங்கிய மாத்திரைகளின் கணக்கை நினைத்தால் தலை சுற்றுகிறது. சுளுக்கு எப்படியும் சில நாளில் வடியும்; பல் பிடுங்கிய வீக்கமும் அப்படியே. மருந்து தின்ற பிறகு வடிந்தால் மருந்தினால் வடிந்தது என்று மனம் முடிச்சுப் போட்டு விடுகிறது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டாலொழிய இந்த முடிச்சு அவிழாது.

நம் தேசத்தில் என்ன? 2013-இல் டெல்லி மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், இம்மருந்தைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சிறியவை, முறையிலும் குறைபாடு உடையவை, நெடுநாள் உட்கொள்வதால் தீங்கு உண்டா என்பதற்கும் போதிய தகவல் இல்லை, ஆகவே இதை வீக்க மருந்தாக எழுதுவதற்கு இப்போதுள்ள சாட்சியம் பற்றாது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயினும் மாத்திரை இன்றும் நம் கடைகளில் விற்பனையாகிறது. பிறந்த நாடு கைவிட்ட பிள்ளைக்கு இங்கே வளர்ப்புத் தாய்மார் ஆயிரம் பேர்! ஜப்பானியர் கேட்ட கேள்வியை நமது சர்வகலாசாலைகளும் மருத்துவக் கல்லூரிகளும் நம் மக்களிடமே பெரிய அளவில் கேட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ பதில் பெற்றிருக்க வேண்டும். கேட்காமலிருப்பது பணச்செலவு மாத்திரம் அல்ல. கேட்காமல் விட்டதற்கும் எலிகள் விலை கொடுத்திருக்கின்றன.

எலியின் பக்கத்து நியாயத்தையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். பிராணிகளுக்காகப் பாராளுமன்றத்தில் முதலில் குரல் எழுப்பியவர் நம் தமிழ்நாட்டுப் பெண்மணியான ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையின் அங்கத்தினராக இருந்தபோது பிராணி வதையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு வாக்களித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். அந்த வாக்கு 1960-ஆம் வருஷத்துச் சட்டமாக நிறைவேறியது. 1962-இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. ஆனால் அதைக் கண்காணிக்க ஒரு மத்தியக் குழுவுக்கு வழி வகுத்தது. 1998-இல் வந்த விதிகளின்படி ஆராய்ச்சி நிலையங்கள் பதிவு செய்து கொள்ள வேண்டும்; அங்கங்கே தர்மக் குழு ஒன்று கூடி, எத்தனை பிராணி, எதற்கு, எவ்வளவு துன்பம் என்று விசாரித்த பிறகே அனுமதி தர வேண்டும். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் எழுதிய மூன்று கட்டளைகளே இன்று எங்கும் அளவுகோல்: பிராணி இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய், வேண்டுமானால் குறைந்த எண்ணிக்கையில் செய், செய்யும்போது துன்பத்தைத் தணி. 2023 மார்ச்சில் இந்திய அரசு புது மருந்து விதிகளைத் திருத்தி, பிராணிகளுக்குப் பதிலாக மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைகளையும் ஏற்றுக் கொள்ள இடமளித்திருப்பது நல்ல காரியம்.

பிராணிப் பரீக்ஷையே கூடாது என்பார் சிலர். நாம் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. இண்டொமெதாஸின் போன்ற மருந்துகள் எலிகளின் வழியாகத்தான் 1960-களில் மூட்டு வாத நோயாளிகளை வந்தடைந்தன. அவற்றால் எழுந்து நடந்தவர் பலர். ஆனால் அந்த மருந்துகள் எலியோடு நிற்கவில்லை. எலியில் தொடங்கிய கேள்வியை மனிதரில் முடித்து வைத்தார்கள். அப்படி முடிக்கும் எண்ணமும் வசதியும் இல்லாத இடத்தில், முப்பது எலிகளின் பாதத்தில் ஊசி போடுவதற்கு எந்தத் தர்மக் குழு எதன் பேரில் அனுமதி தரலாம் என்பது நமக்கு விளங்கவில்லை.

வாசகர்களுக்கு, முக்கியமாகத் தாய்மார்களுக்கு, இரண்டு வார்த்தை. டாக்டர் கொடுத்த சீட்டிலிருந்து ஒரு மாத்திரையை நாமாகவே வெட்டி எறிவது சரியல்ல. "இந்த வீக்க மாத்திரை அவசியந்தானா?" என்று அவரிடமே கேட்பது சரி. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், இந்த என்ஸைம் மாத்திரைகளைப் பற்றி அவரிடம் கட்டாயம் கேட்கவே வேண்டும். தேனீயைப் பிடித்து மூட்டில் கொட்ட விடும் வைத்தியத்தை யாரேனும் சிபாரிசு செய்தால் ஒதுங்கிக் கொள்ளுங்கள். ஸ்பெயின் தேசத்தில் இரண்டு வருஷமாக அந்தச் சிகிச்சையைப் பெற்று ஒன்றும் ஆகாதிருந்த 55 வயதுப் பெண்மணி ஒருவர், பிறகு ஒரே கொட்டில் ஒவ்வாமை கண்டு உயிரிழந்த விவரம் 2018-இல் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று.

பட்டுப்புழுவின் விஷயம் இத்துடன் தீரவில்லை. புழு தன் இழையை ஒட்டிக் கூடாக்குவதற்குச் சுரக்கும் பசைக்கு செரிஸின் என்று பெயர். இது குடலில் இருக்கும் கிருமியின் சொத்தன்று. முழுக்க முழுக்கப் புழுவின் சொந்தச் சம்பாத்தியம். பாங்காக்கின் சூலாலங்கோர்ன் சர்வகலாசாலையில் இதை எலிப் பாதத்தில் காராகீனன் முறையால் சோதித்து, அழற்சியை மூட்டிவிடும் பொருள்கள் குறைவதாக 2013-இல் எழுதினார்கள். அங்கே எலியோடு அவர்கள் நிற்கவில்லை. தீப்புண் பட்ட நோயாளிகளில், வழக்கமான களிம்பை ஒரு புறமும், அதே களிம்பில் செரிஸின் கலந்ததை மறு புறமும் வைத்து, எது எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி பரீக்ஷித்தார்கள். செரிஸின் கலந்த களிம்பு பூசிய புண் விரைவில் ஆறியது. பரீக்ஷை சிறியதுதான்; இன்னும் பல இடங்களில், பல மடங்கு நோயாளிகளிடம் செய்து பார்க்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்கப்பட்ட விதம் செம்மையானது.

கூட்டின் பட்டில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை இந்தச் செரிஸின்தான். சாயம் ஏற்றுவதற்கு முன்பு பட்டைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து அதைப் போக்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பும் மென்மையும் வரும். நமக்குப் பக்கத்திலேயே, பவானிக் கரையில், சிறுமுகை நெசவாளர்கள் நெய்யும் மென்பட்டுச் சேலைகளின் நூலும் இந்தக் கொதிநீரில் இறங்கி எழுந்ததே. நூலை எடுத்துக் கொண்டபின் பசை கரைந்த அந்த நீரைப் பட்டுத் தொழிலில் பொதுவாகக் கழிவென்று கொட்டி விடுகிறார்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பட்டுப்புழுவியல் துறை இருக்கிறது. கோவையில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணம்.